கொட்டகலைப் பட்டறையில் செய்த முயல் கூடு: கம்பிக்கு ஐந்து, கதவுக்கு இரண்டு

கூடு வந்து ஒரு தென்மேற்குப் பருவமழையைப் பார்த்துவிட்டது, அதனால்தான் இப்போது எழுதுகிறேன், எங்கள் பக்கத்தில் மழைக்கு முன் எழுதும் விமர்சனத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. சுருக்கமாகச் சொன்னால் சட்டமும் கம்பியும் அருமை, கூரை பரவாயில்லை, கதவு மட்டும் சண்டை போட்டுத் திருத்தி வாங்கியது. இன்னொரு கூடு செய்வதென்றாலும் அதே இடத்துக்குத்தான் போவேன். ஆனால் கதவை அவர்கள் கையில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் பாதையில், கொட்டகலை டவுனைத் தாண்டியதும் இடது பக்கத்தில் பாதி முடிந்த கேற் ஒன்று எப்போதும் சாய்த்து வைத்திருக்கும், அதுதான் அடையாளம். கேற், யன்னல் கிரில், படிக்குக் கைபிடி, திரீவீலுக்கு உடைந்த பாகத்தை ஒட்டிக் கொடுப்பது, இவைதான் அவர்கள் தொழில். முயல் கூடு என்றதும் பாஸ் சிரித்துவிட்டார். "டீச்சர், முயலுக்கு இவ்வளவு இரும்பா? நாலு பலகையில கோழி வலை அடிச்சா போதாதா?" என்றார். "முயல் வெளியே போகாம இருக்கத்தான் கோழி வலை போதும் அண்ணே, மத்தது உள்ளே வராம இருக்கணுமே" என்றேன். அவருக்கு அது உடனே விளங்கியது, அதற்காகவே முதல் மதிப்பெண்ணைக் கொடுக்கலாம், ஏனென்றால் டவுனில் கூடு விற்கிறவர்களுக்கு அது இன்னும் விளங்கவில்லை.

டவுனில் வாங்கக் கிடைக்கும் ரெடிமேட் கூட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம், பலர் அதைப் பார்த்துவிட்டுத்தான் பட்டறைக்கு ஏன் இவ்வளவு காசு என்று கேட்பார்கள். மெல்லிய பலகைச் சட்டம், அதில் அறுகோணக் கண் வைத்த கோழி வலையை ஸ்டேப்பிள் ஊசியால் அடித்திருப்பார்கள், கதவுக்கு ஒரு கொளுக்கி, அடியிலும் அதே வலை. பார்க்க அழகாகத்தான் இருக்கும், பச்சைப் பெயின்ட் வேறு. என் தங்கச்சி வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. தெருநாய் ஒன்று ஒரு மூலையைப் பல்லால் பிடித்து இழுத்ததில் ஸ்டேப்பிள் வரிசையாகக் கழன்று வந்துவிட்டது, வலை அறுபடக்கூட இல்லை. நாய்க்குக் கம்பியை வெட்டத் தெரிய வேண்டியதில்லை, இழுக்கத் தெரிந்தால் போதும். அப்புறம் அந்த வலைத்தரை. முயலுக்குப் பாதத்தில் நாய், பூனைக்கு இருக்கும் மெத்தைச் சதை கிடையாது, மயிர் மட்டும்தான், கம்பியிலேயே நாள் முழுக்க உட்கார்ந்தால் பின்னங்காலில் புண் வந்து சீழ் பிடிக்கும். அந்தக் கூட்டை நான் யாருக்கும் சொல்லமாட்டேன், இனாமாகக் கிடைத்தால் வீட்டுக்குள் ஒரு மணித்தியாலம் முயலை அடைத்து வைக்க உதவும்.

சரி, எங்கள் மலையில் முயலுக்கு எதிரி யார் என்று கேட்டால் எல்லாரும் புலி என்பார்கள், சிறுத்தையைத்தான் தேயிலைத் தோட்டத்தில் புலி என்போம். சிறுத்தை இருப்பது உண்மைதான், அதைப் பற்றி அப்புறம். நான் கேட்டறிந்தவரை முயல் வளர்க்கும் வீடுகளில் அதிகம் வேலையைக் காட்டுவது நாயும் கீரியும்தான். நாய் பலத்தால் வரும். கீரி புத்தியால் வரும், மண்ணைத் தோண்டும், கல்கட்டின் இடுக்கில் நுழைந்து வரும், அதோடு அது பகலில் திரியும் பிராணி, ஆகவே "ராத்திரிக்கு அடைத்தால் போதும்" என்கிற பேச்சு கீரி இருக்கும் இடத்தில் செல்லாது. இரவில் மரநாய், அது கூரை வழியாகத்தான் யோசிக்கும். ஓடையோரமாக வீடு இருப்பவர்கள் மீன்பிடிப் பூனையையும் கணக்கில் எடுங்கள், வீட்டுப் பூனையைவிட நன்றாகப் பெரியது, இந்த மலைகளிலும் உண்டு, கம்பிக் கண் பெரிதாக இருந்தால் கையை உள்ளே விட்டு இழுத்துப் பார்க்கும். மேலே பருந்து. குரங்குக்கு முயல் தேவையில்லை, ஆனால் உள்ளே கிடக்கும் கரட் தேவை, கொண்டியைத் திறக்க அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, திறந்துவிட்டு மூடாமல் போகும், அதுதான் பிரச்சினை.

எல்லாவற்றிலும் நான் அதிகம் பயப்படுவது எலிக்கு. தீனிக்கு வரும், பிறந்த குட்டிகளைக் கடித்துக் கொல்லும், அதன் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், அதைக் கழுவுவது நாம்தான். எலி வந்தால் அதைத் தேடிச் சாரைப்பாம்பும் வரும்.

இன்னொன்று, முயல் கடிபடாமலேயே செத்துப்போகக்கூடிய பிராணி. நாய் வெளியே நின்று கம்பியை உலுக்கிக் குரைத்தாலே போதும், பயத்திலேயே உயிர் போகலாம், அல்லது துள்ளி விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொள்ளலாம். ஆகவே உள்ளே வரமுடியாத கூடு என்பது பாதி வேலை. வெளியே நிற்பதை முயல் பார்க்காமல் ஒளிந்துகொள்ள ஓர் அடைப்பான பெட்டியும் உள்ளே வேண்டும்.

இனிக் கம்பி. இதில்தான் பட்டறைக்கு முழு மதிப்பெண், ஐந்துக்கு ஐந்து. நான் கேட்டது அரை அங்குலக் கண் வெல்ட் மெஷ், அதாவது கம்பிகளைச் சந்துக்குச் சந்து ஒட்டிச் செய்த சதுரக் கண் வலை, 16 கேஜ். ஹார்ட்வெயார் கடைகளில் "வெல்ட் மெஷ்" என்று கேட்டால் கையில் கிடைப்பதை எடுத்துப் போட்டுவிடுவார்கள், கேஜ் எவ்வளவு என்று கேட்டால்தான் சுருளைத் தேடுவார்கள். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும், இது பலருக்குத் தலைகீழாகப் படுகிறது. 19 கேஜ் என்றால் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர், 16 கேஜ் என்றால் 1.6. எண்ணில் சின்ன வித்தியாசம் மாதிரித்தான் தெரியும், கையில் பிடித்து வளைத்தால் தெரியும், 19 கேஜை விரலாலேயே மடக்கலாம், 16 கேஜுக்குக் குறடு வேண்டும். கோழி வலை இதிலெல்லாம் சேர்த்தியே இல்லை, அது 20, 22 கேஜில் முறுக்கிய கம்பி, ஒரு முறுக்கு விட்டால் கண் பெரிதாகிக்கொண்டே போகும், முயலே கடித்து ஓட்டை போட்டுவிடும்.

கண்ணின் அளவிலும் பிடிவாதமாக இருங்கள். ஒரு அங்குலக் கண் மலிவு, நாய்க்குப் போதும், எலி சுகமாக நுழையும். அரை அங்குலத்தில் வளர்ந்த எலி வராது. சுண்டெலி வரத்தான் செய்யும், அதை முழுக்கத் தடுக்கக் கால் அங்குலத்துக்குப் போக வேண்டும், அது விலையும் கூட, காற்றும் வெளிச்சமும் குறையும். வளர்ந்த முயல்கள் என்றால் அரை அங்குலம்தான் நியாயமான இடம் என்பது என் கருத்து. குட்டி போடவைக்கும் எண்ணம் இருப்பவர்கள் பெட்டியைச் சுற்றி மட்டும் கால் அங்குலம் போடலாம்.

பாஸ் செய்த நல்ல காரியம், கடையிலிருந்து வந்த முதல் சுருளைத் திருப்பி அனுப்பியது. கம்பியை ஒட்டிய பின் நாகம் (துத்தநாகம்) பூசியது ஒருவகை, நாகம் பூசிய கம்பியை ஒட்டியது இன்னொரு வகை, இரண்டாவதில் ஒட்டின இடத்திலெல்லாம் நாகம் எரிந்து போயிருக்கும், அங்கிருந்துதான் துரு தொடங்கும். சந்தில் உற்றுப் பார்த்தால் தெரியும், பின்னால் பூசியதில் சந்து நாகத்தில் மூழ்கி வழவழப்பாக இருக்கும். "இது நம்ம மழைக்கு நிக்காது டீச்சர்" என்று அவரே சொல்லி மாற்றினார். நான் கேட்காமலே.

ஆனால் அதே மனிதர் அடுத்ததாகச் செய்ய வந்தது என்ன தெரியுமா, அந்த நல்ல மெஷ்ஷைக் கொண்டுவந்து சட்டத்தின் பொக்ஸ் பாரில் (உள்ளே வெறுமையான சதுர இரும்பில்) நேராக வெல்ட் வைக்கத் தொடங்கினார். கிரில் செய்கிற கை அப்படித்தான் போகும். வெல்ட் வைக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் நாகம் எரியும், கம்பியும் மெலியும், அப்புறம் மேலே எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் கொட்டகலை மழையில் அந்தப் புள்ளியிலிருந்து துரு கண்ணீர் மாதிரி வழியும். ஒரு பக்கம் முடிந்த நிலையில் நிறுத்தச் சொன்னேன். மற்றப் பக்கங்களுக்கு மெஷ்ஷின் விளிம்பின் மேல் ஒரு பட்டை இரும்பை வைத்து, அரை அடிக்கு ஒரு போல்ட் போட்டு இறுக்கினார். இப்போது மழைக்குப் பிறகு பார்த்தால் வெல்ட் வைத்த பக்கத்தில் செம்புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன, போல்ட் பக்கங்களில் ஒன்றும் இல்லை. மெஷ் சட்டத்தின் வெளிப்பக்கமாக வரவேண்டும் என்பதையும் கவனியுங்கள். வெளியிலிருந்து நாய் மோதினால் வலை சட்டத்தின் மேல் போய் அழுந்தும், போல்ட்டைப் பிடுங்கும் விசை வராது. உள்பக்கமாகப் போட்டால் ஒவ்வொரு மோதலும் போல்ட்டைத்தான் சோதிக்கும்.

அளவைச் சொல்ல மறந்துவிட்டேன். நீளம் 10 அடி, அகலம் 7 அடி, உயரம் 6 அடி. இரண்டு முயலுக்கு இது ஆடம்பரம் என்று பார்ப்பவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். பிரித்தானியாவின் முயல் நல அமைப்பு இரண்டு முயலுக்குச் சொல்லும் குறைந்த அளவே 3 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 1 மீற்றர் உயரம், ஆகவே தரை அளவில் நான் அந்தக் கோட்டைச் சற்றுத்தான் தாண்டியிருக்கிறேன். உயரம் எனக்காக. குனிந்து நின்று கூடு கழுவ வேண்டியிருந்தால் வாரத்துக்கு ஒருநாள் என்று தள்ளிப்போடுவோம், நிமிர்ந்து நிற்க முடிந்தால் தினமும் கூட்டிவிடுவோம், அவ்வளவுதான் கணக்கு.

சட்டம் ஒரு அங்குலப் பொக்ஸ் பார். எல்லாமே தனித்தனிப் பனல், மூலையில் போல்ட் போட்டுச் சேர்ப்பது. இதை நான் கேட்டதற்குக் காரணம் தோட்டத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். வீடு நாம் இருப்பது, காணி நம்முடையதல்ல. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனதற்கு முன்னும் அப்படித்தான், பின்னும் அப்படித்தான். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பின்னால் கல் வைத்துக் கட்டினால் ஒபிஸில் கேள்வி வரும், கழற்றி எடுக்கக்கூடிய கூடு என்றால் கோழிக்கூடு கணக்கில் போய்விடும். எனக்கு இடமாற்றம் வந்தாலும் லொறியில் ஏற்றிவிடலாம். பனல்களைத் தூக்கிக்கொண்டு அந்தக் குறுக்குப்பாதையில் ஏறிய இரண்டு பையன்களுக்குத்தான் பாவம், கூலியோடு சாப்பாடும் கொடுத்தேன்.

அடித்தளம்தான் மலைநாட்டில் பெரிய தலைவலி, சமதரையில் இருப்பவர்கள் எழுதிய யோசனைகள் இங்கே பாதிதான் உதவும். எங்கள் பின்வளவு சரிவு. ஒரு பக்கம் பழைய கல்கட்டு, எதிர்ப்பக்கம் பள்ளம், நடுவில் மழைத்தண்ணீர் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். வெறும் மண்ணில் சட்டத்தை வைத்தால் ஒரு பெருமழையில் கீழ்ப்பக்கத்து மண் கரைந்து, சட்டத்துக்கும் தரைக்கும் நடுவில் கை போகிற அளவு இடைவெளி வந்துவிடும், கீரிக்கு அது வாசல். ஆகவே முதலில் மேல்பக்கத்தில் தண்ணீரைத் திருப்ப ஒரு கான் வெட்டினோம். பிறகு சுற்றிவரச் சிமெந்துக் கல்லை ஒரு வரி புதைத்து மட்டம் பிடித்து அதன்மேல் சட்டம். இதைப் பட்டறை செய்யாது, அது தெரு மேசனின் வேலை, தனிச் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கல்லுக்கு வெளியே இரண்டடி அகலத்துக்கு அதே மெஷ்ஷைத் தரையோடு படியவிட்டு, உள்விளிம்பைச் சட்டத்தோடு போல்ட்டில் இறுக்கி, மேலே கல்லும் புல்கட்டியும் வைத்தோம். ஆழமாகத் தோண்டி வலையைச் செங்குத்தாகப் புதைப்பதைவிட இது சுலபம், இந்தப் பாறை மண்ணில் இரண்டடி தோண்டுவது ஒரு நாள் வேலை. தோண்ட வருகிற பிராணி சுவரின் அடியில்தான் தோண்டத் தொடங்கும். நகம் கம்பியில் படும், இடம் மாற்றிப் பார்க்கும், அங்கேயும் கம்பி. இரண்டடி பின்னால் போய்த் தொடங்கினால் உள்ளே வரலாம் என்று அதற்குத் தோன்றாது. கல்கட்டுப் பக்கத்தில் மெஷ் விரிக்க இடமில்லை, அங்கே கற்களின் இடுக்கையெல்லாம் சிமெந்து வைத்து அடைத்தோம். சும்மா விடாதீர்கள், கீரி குடியிருப்பதே அந்த மாதிரி இடுக்கில்தான்.

முயலும் தோண்டும், அதுவும் உள்ளேயிருந்து. வெளியே விரித்த வலை அதைத் தடுக்காது. உள்விளிம்பு நெடுக ஓரடி அகலத்துக்குத் தட்டைக் கல் பதித்துவிட்டு நடுவில் மண்ணாக விட்டேன். தோண்டட்டும், அதுதான் அதற்குச் சந்தோஷம். குழி ஓரத்துப் பக்கம் நீளுகிறதா என்று மகள் பார்த்துக்கொள்கிறாள், நீண்டால் மூடுகிறோம்.

இப்போது கதவு. கேற் செய்கிறவர் கதவு செய்தால் கேற் மாதிரித்தான் செய்வார், கீழே ஒரு அங்குலத்துக்கும் மேல் இடைவெளி, பக்கத்தில் பிணைச்சல் ஓரமாக விரல் போகிற சந்து, திறக்க மூட லேசாக இருக்க வேண்டுமாம். வீட்டுக் கேற்றுக்கு அது சரி. எலிக்கு அது அகன்ற பாதை, மெலிந்த கீரிக்குஞ்சுக்கும் வழிதான். 16 கேஜ் மெஷ் போட்டு, கல் புதைத்து, கான் வெட்டி, கடைசியில் கதவடியில் ஓர் எலிப்பாதை! நான் சொன்னபோது "இதுக்குள்ள என்ன டீச்சர் வரப்போகுது" என்றார். அரை அங்குலக் கம்பித் துண்டு ஒன்றை எடுத்து அந்த இடைவெளியில் வைத்துக் காட்டினேன், இரண்டு துண்டு போனது. அதற்குப் பிறகும் திருத்த வருவதாகச் சொல்லிச் சொல்லி நாள் கடத்தினார்கள், போன் எடுத்தால் "நாளைக்கு வர்றோம்", அது எந்த நாளை என்று கேட்கக்கூடாது. இந்த இடத்தில்தான் இரண்டு மதிப்பெண்.

கடைசியில் வந்து செய்த திருத்தம் நன்றாகவே இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். கதவின் மூன்று பக்கமும் உள்ளிருந்து பட்டை இரும்பை ஒட்டி, மூடும்போது சட்டத்தின் மேல் அது படியும்படி வைத்தார், இடைவெளி மறைந்துவிட்டது. கீழே ஒரு நிலைக்கல் உயர்ந்து நிற்கிறது, கூட்டும்போது தடுக்கும், பழகிவிட்டது. பூட்டு ஒன்று போதாது. கதவின் நடுவில் மட்டும் தாழ்ப்பாள் இருந்தால் கீழ்மூலையை நாய் மூக்கால் நெம்பும்போது சட்டம் வளையும், ஆகவே மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே சாதாரணத் தாழ்ப்பாள், கீழே கொண்டியில் ஒரு சின்னப் பூட்டு. குரங்குக்குச் சாவி கிடையாது. சுழற்றித் திறக்கும் மரத்துண்டு, தொங்கும் கொளுக்கி, இரண்டும் வேண்டவே வேண்டாம். வசதி இருப்பவர்கள் கதவுக்கு முன்னால் இன்னொரு சின்னக் கூண்டும் இன்னொரு கதவும் வைத்துக்கொள்ளலாம், ஒன்றை மூடிய பின் மற்றதைத் திறப்பது, முயல் காலுக்கிடையில் பாய்ந்து தேயிலைக்குள் ஓடாது. எனக்கு அதற்கு இடமுமில்லை, காசுமில்லை.

கூரை: பின்பாதி நாகத் தகரம், முன்பாதி மெஷ். முழுக்கத் தகரம் போட்டால் உள்ளே வெயில் வராது, முழுக்க மெஷ் விட்டால் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை முயல் நனைந்துகொண்டே இருக்கும். முயலுக்குக் குளிர் பெரிதில்லை, நுவரெலியாவில் தை மாசி உறைபனியில்கூடக் காய்ந்த படுக்கை இருந்தால் தாங்கும், வெயில்தான் ஆகாது, 30 பாகையை எட்டும் வெப்பம் அதற்கு ஆபத்து. அந்த வகையில் நமக்குக் கொழும்புக்காரர்களைவிடப் பாடு குறைவு. ஆனால் ஈரமும் ஊதைக்காற்றும் சேர்ந்தால் இங்கேயும் காய்ச்சல்தான். தகரத்தின் சரிவை வீட்டுப் பக்கமில்லாமல் பள்ளத்துப் பக்கம் வைத்தது பாஸின் யோசனை, நல்ல யோசனை. ஓரச் சரிவு மட்டும் குட்டை, ஓரடி வெளியே நீட்டியிருக்கிறார், காற்று மழைக்கு அது காணாது, நான் படங்கு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். காற்று வரும் பக்கத்தில் தரையிலிருந்து மூன்றடிக்குப் பலகை அடித்தாயிற்று. நாலு பக்கமும் அடைத்துவிடாதீர்கள், மூத்திர நாற்றம் உள்ளே தங்கினால் முயலின் நெஞ்சுக்கு ஆகாது, நாம் மூக்கைப் பொத்துகிற அளவு என்றால் அது ஏற்கெனவே மோசம். முயலின் பின்பக்கம் ஈரமாக இருந்தால் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும், மழைக்காலத்தில் தினமும் தூக்கிப் பாருங்கள்.

தகரத்தில் மழை விழும் சத்தத்துக்கு ஆரம்பத்தில் இரண்டும் மிரண்டன. பெட்டியின் மேல் சாக்கை மடித்துப் போட்டதும் அடங்கின.

பெட்டி சவுக்குப் பலகையில், தரையிலிருந்து அரை அடி உயரத்தில், உள்ளே காய்ந்த மானாப்புல். பெயின்ட் அடிக்கவில்லை, முயல் பலகையைக் கொறிக்கும். மாலையில் தீனியை உள்ளே வைத்தால் இரண்டும் தானாகப் போய்விடும், பெட்டிக் கதவைச் சாத்திவிடுவேன். மிச்சத் தீனியை இரவில் வெளியே விடுவதில்லை, எலிக்கு அழைப்பு அனுப்புகிற வேலை அது. தீனி பற்றி ஒன்றே ஒன்று, இந்தப் பக்கத்தில் லீக்ஸ் குவிந்து கிடக்கும், கழித்த இலையை முயலுக்குப் போடத் தோன்றும், போடாதீர்கள், வெங்காய இனம் முயலுக்கு நஞ்சு. தேயிலை மலையில் புல் அறுக்கிறவர்கள் களைமருந்து எப்போது அடித்தார்கள் என்று கேட்டுவிட்டு அறுங்கள்.

சிறுத்தை. பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தில் இருப்பவர்கள் கட்டாயம் கேட்பீர்கள். இந்தக் கூடு சிறுத்தையைத் தாங்குமா என்றால், நான் உறுதி கொடுக்கமாட்டேன். ஒரு அங்குலப் பொக்ஸ் பார் அதன் எடைக்கு வளையலாம். அது பெரும்பாலும் நாயைத் தேடித்தான் லயத்துப் பக்கம் வரும், முயல் அதற்குச் சின்னத் தீனி, ஆனாலும் கூட்டை வீட்டுச் சுவரோடு ஒட்டி, வெளிச்சம் விழும் இடத்தில் வைப்பதும், இரவில் முயல் கண்ணில் படாமல் பெட்டிக்குள் இருப்பதும்தான் நம்மால் செய்யக்கூடியது. இதைச் சொல்லும்போது பக்கத்து லயத்து மாமா, "அதெல்லாம் எதுக்கு, நாலு இடத்துல சுருக்குக் கம்பி கட்டிவிடு" என்றார். நல்ல மனுசன்தான், ஆனால் அந்தப் பேச்சுக்கு நான் இடம் கொடுக்கவில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணியில் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை என்ன பாடுபட்டுச் செத்தது என்று நாடே பார்த்தது. பன்றிக்குக் கட்டினோம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், சுருக்குக்கு ஆள் தெரியாது. சட்டப்படியும் குற்றம். இரும்புக் கூட்டுக்கு இவ்வளவு செலவழித்ததே எந்த மிருகத்தையும் கொல்லாமல் இருக்கத்தானே.

செலவைக் கேட்பீர்கள். மேசன் கூலியைத் தவிர்த்து ஒரு லட்சம் ரூபாயை ஒட்டி வந்தது, அதில் பெரும்பங்கு மெஷ்தான். இரும்பு விலை நிற்கிற இடத்தில் நிற்பதில்லை, ஆகவே என் தொகையைக் கொண்டுபோய்ப் பட்டறையில் பேரம் பேசாதீர்கள், அன்றைய விலைக்குத் தாளில் எழுதி வாங்குங்கள். ரெடிமேட் கூட்டைவிடப் பல மடங்கு அதிகம், மறுக்கவில்லை. உயரத்தை 4 அடியாகக் குறைத்து, கூரை மூடியைத் தூக்கித் திறக்கிற மாதிரி வைத்தால் மெஷ் நிறைய மிச்சமாகும், முதுகு வலிக்கும். கண் அளவிலும் கேஜிலும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மழைக்குப் பிறகு இப்போதைய நிலைமை: விரித்த வலையின் மேல் புல் ஏறி மூடிவிட்டது, ஒரு மூலையில் ஏதோ நகத்தால் பிராண்டிய தடம் இருக்கிறது, உள்ளே எதுவும் வரவில்லை. கீழ்ப்பக்கத்தில் ஒரு கல் லேசாக இறங்கியது, சிமெந்து வைத்தேன். வெல்ட் வைத்த பக்கத்துத் துருவைச் சுரண்டி நாகப் பெயின்ட் அடித்தேன், அந்தப் பக்கத்தை வருடத்துக்கொரு தடவை பார்க்க வேண்டியிருக்கும்.

போகிறவர்களுக்கு: மெஷ்ஷை நீங்களே தொட்டுப் பார்த்து வாங்குங்கள், வெல்ட் வேண்டாம், பட்டை இரும்பும் போல்ட்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள், கதவின் இடைவெளி அரை அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். காசில் கால்பங்கைக் கதவு சரியாகும்வரை கையில் வைத்திருங்கள், மற்றதெல்லாம் நம்பிக் கொடுக்கலாம். மாசி, பங்குனியில் சொல்லிவிடுவது நல்லது, மே பிறந்துவிட்டால் பட்டறை முழுக்கக் கூரை வேலை, முயலுக்கு நேரம் கிடைக்காது.